‘முழுவதும் எடுத்தாயிற்றா?’ – கண்குழியைப் பாதிக்கும் மண்டையோட்டு அடித்தளக் கட்டிகளும் அறுவை சிகிச்சையும்

அறுவை அரங்கின் கதவு திறந்து மருத்துவர் வெளியே வந்ததும், காத்திருக்கும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கட்டியை முழுவதும் எடுத்துவிட்டீர்களா?” உடலின் வேறு சில இடங்களில் உள்ள கட்டியாயின் இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை கூறிவிடலாம். மண்டையோட்டின் அடித்தளத்தில் தோன்றிக் கண்குழிக்குள் பரவும் கட்டிகளில் விடை அவ்வளவு எளிதன்று. “ஒரு சிறு பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்தோம்” என்று மருத்துவர் கூறுவது, பல வேளைகளில், சிகிச்சை திட்டமிட்டபடி நடந்ததற்கே அடையாளமாகும். அது ஏன் என்பதையும், இந்நோயை எவ்வாறு அறிவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியும் உடனிருப்போரும் எவற்றைக் கவனிப்பது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கண்குழியின் அமைப்பு

கண்குழி ஏழு எலும்புகள் சேர்ந்து அமைந்த ஒரு கூம்பு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். ஒரு சிறிய காப்பிக் கோப்பையின் அளவுகூட இல்லை. அதில் கண் உருண்டை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடத்தையே கொள்கிறது. எஞ்சிய இடத்தில் கண்ணை அசைக்கும் தசைகளும், நரம்புகளும், இரத்தக் குழாய்களும், அவற்றைத் தாங்கும் கொழுப்பும் உள்ளன. சுவர்கள் எலும்பாதலால் உள்ளே சிறிதளவு புதுவளர்ச்சி ஏற்பட்டாலும் கண் முன்னோக்கித் தள்ளப்படுகிறது.

இக்குழியின் கூரைக்கு மேலே மூளையின் முன்பகுதி அமர்ந்திருக்கிறது. மூக்கின் பக்கமுள்ள சுவர் காகிதம்போல் மெல்லியது. அதற்கு அப்பால் மூக்கைச் சூழ்ந்த காற்றறைகள் உள்ளன. பொட்டுப் பக்கத்தில், பின்புறமாக, வண்ணத்துப்பூச்சி வடிவுடைய ஸ்பீனாய்டு எலும்பின் இறக்கை சுவராக நிற்கிறது. கூம்பின் கூரிய முனையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பார்வை நரம்பு மூளைக்குச் செல்லும் குறுகிய எலும்புக் குழாய். மற்றொன்று, கண்ணை அசைக்கும் நரம்புகளும் நெற்றிக்கு உணர்ச்சி தரும் நரம்பும் நுழையும் பிளவு. விரல்நுனியளவே ஆன இம்மூலையில் இத்தனையும் நெருங்கி அமைந்திருப்பதால்தான், இங்கு வளரும் கட்டிக்குக் கண் மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆகிய மூவரும் கூடித் திட்டமிட வேண்டியிருக்கிறது.

எத்தகைய கட்டிகள்?

பெரியவர்களிடம் இவ்விடத்தில் காணப்படும் முக்கியமான கட்டி மெனிஞ்சியோமா. மூளையைப் போர்த்தியுள்ள உறையிலிருந்து இது தோன்றுகிறது. 1922-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். ஸ்பீனாய்டு எலும்பின் இறக்கையில் தோன்றும் வகை, எலும்புக்குள் ஊடுருவி அதைத் தடிக்கச் செய்து, கண்குழியின் இடத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. நடுத்தர வயதுப் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்பவை. ஆயினும் தீங்கற்ற கட்டி என்பதற்குத் தீங்கே விளையாது என்று பொருளில்லை. பார்வை நரம்பை அழுத்தினால் அதுவும் பார்வையைப் பறிக்கும்.

மூக்கிலும் காற்றறைகளிலும் தோன்றும் புற்றுநோய்கள் மெல்லிய உட்சுவரை உடைத்துக் கண்குழிக்குள் புகக்கூடும். வளரிளம் பருவ ஆண்பிள்ளைகளுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வடியச் செய்யும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் கட்டியும் இப்பகுதிக்குப் பரவலாம். குழந்தைகளின் நிலை வேறு. சில நாள்களிலோ வாரங்களிலோ ஒரு கண் வேகமாகப் பிதுங்கினால், ராப்டோமயோசார்கோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். அந்நோய்க்குப் பெரிய அறுவையைவிட, சிறிதளவு திசு எடுத்துப் பரிசோதித்து மருந்தும் கதிர்வீச்சும் அளிப்பதே முதன்மைச் சிகிச்சை.

பெண்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மெனிஞ்சியோமாவின் வளர்ச்சியில் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்களுக்குப் பங்குண்டு. பிரான்சின் தேசிய மருத்துவப் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2024-இல் வெளியான பெரிய ஆய்வு, மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசியை ஓராண்டோ அதற்கு மேலோ பயன்படுத்தியோரிடம் அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா கூடுதலாகக் காணப்பட்டதைத் தெரிவித்தது. நம் நாட்டில் 2017 முதல் அரசு மருத்துவ நிலையங்களில் ‘அந்தரா’ என்னும் பெயரில் வழங்கப்படும் கருத்தடை ஊசியில் உள்ளதும் இம்மருந்தே. இக்கட்டி அரிதானது, எனவே ஊசி போட்டுக்கொண்ட அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மெனிஞ்சியோமா இருப்பதாக அறியப்பட்டவர், தாம் பயன்படுத்தும் ஹார்மோன் ஊசி, மாத்திரை அனைத்தையும் மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்வார்.

எவ்வாறு கண்டறிவது?

இந்நோய் தாமதமாக அறியப்படுவதற்கு முதற்காரணம், அது வலியின்றி வருவதே. நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் முகத்தில் நிகழும் சிறு மாற்றம் நமக்குத் தெரிவதில்லை. நெடுநாள் கழித்து ஊருக்கு வரும் உறவினரே “ஒரு கண் பெரிதாகத் தெரிகிறதே” என்று முதலில் சொல்வார். ஐயம் எழுந்தால் பழைய திருமணப் படத்தையும், வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றிலுள்ள படங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை மருத்துவர் கணிக்க அவை பெரிதும் உதவும். வரும்போது உடன் கொண்டுவாருங்கள்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது:

• ஒரு கண் மட்டும் முன்னோக்கிப் பிதுங்குதல், அல்லது பொட்டுப் பகுதி புடைத்தல்.
• ஒரு கண்ணில் பார்வை மங்குதல். கண்ணாடி மாற்றியும் தெளிவு பெறாமை.
• நிறங்கள் வெளுத்துத் தெரிதல். ஒரு கண்ணை மூடிச் சிவப்பு மூடி ஒன்றைப் பார்த்து, பின் மறு கண்ணால் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது மங்கிய செங்கல் நிறமாகத் தெரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.
• ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், இமை தாழ்தல்.
• நெற்றி, கன்னம் மரத்துப்போதல். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தம்.

கண் பிதுங்கினால் எல்லாம் கட்டி என்று கருதிவிடவும் வேண்டாம். பெரியவர்களிடம் கண் பிதுங்குவதற்கு மிகப் பொதுவான காரணம் தைராய்டு நோயே. ஆகவே இரத்தப் பரிசோதனை முதற்படிகளுள் ஒன்றாகும். மறுபுறம், நடுத்தர வயதைக் கடந்தவரின் பார்வை மங்கலைக் கண்புரை என்று வீட்டிலேயே முடிவு செய்து காத்திருப்பதும் தவறு. பார்வை நரம்பு அழுத்தப்பட்டிருப்பின், புரை முற்றட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

கண் மருத்துவர் பார்வைக் கூர்மை, நிறப் பார்வை, பாவையின் ஒளி எதிர்வினை, பக்கப் பார்வையின் பரப்பு ஆகியவற்றைச் சோதிப்பார். பின்னர் இரு ஸ்கேன்கள் தேவைப்படும். “ஒன்று எடுத்தாயிற்றே, மற்றொன்று எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு. சி.டி. ஸ்கேன் எலும்பின் தடிப்பைக் காட்டுகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மென்மையான கட்டியையும் நரம்பையும் மூளையையும் காட்டுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அறுவை முறைகள்: அன்றும் இன்றும்

கண்ணைக் காத்து, அதன் பின்னுள்ள கட்டியை அடையும் வழியைத் தேடும் முயற்சி நெடியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரிச் நகரின் குரோன்லைன், கண்குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து செல்லும் முறையை விவரித்தார். 1941-இல் வால்டர் டாண்டி, மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து கண்குழிக் கட்டிகளை அணுகும் முறையைப் பற்றி நூல் எழுதினார். இந்தியாவில் 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர்.

புதுச்சேரியின் மருத்துவ மரபு இதனினும் பழையது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலே இன்று கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். 1964-இல் அப்பெயர் பெற்ற அந்நிறுவனம், 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. கண் மருத்துவம், நரம்பியல் அறுவை, காது மூக்கு தொண்டை, புற்றுநோய் ஆகிய துறைகள் அங்கு ஒரே வளாகத்தில் உள்ளன. தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவருகிறது. கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்களும் சிகிச்சைக்கு இந்நகரை நாடி வருகின்றனர். நோயாளி முதலில் கண் மருத்துவரிடமே செல்கிறார். ஆதலால், அங்கிருந்து நரம்பியல் அறுவைத் துறைக்கு அனுப்பப்படும்போது “கண்ணுக்கு வந்தோம், மூளைக்கு அனுப்புகிறார்களே” என்று அஞ்சித் திரும்பிவிடாதிருத்தல் வேண்டும். கண்ணைக் காக்கும் வழி அவ்வழியாகவே செல்கிறது.

எந்த வழியாக அணுகுவது என்பதைக் கட்டி இருக்கும் இடமே முடிவு செய்கிறது. பார்வை நரம்புக்கு வெளிப்பக்கமும் மேற்பக்கமும் இருப்பின், மயிர்க்கோட்டுக்குப் பின்னால் கீறி, பொட்டெலும்பின் வழியே செல்வது வழக்கம். வெட்டுத் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். நரம்புக்கு உட்பக்கமோ கீழ்ப்பக்கமோ இருப்பின், நாசித் துளை வழியே எண்டோஸ்கோப் கருவியைச் செலுத்தி, முகத்தில் தழும்பின்றி அகற்ற இயலும். சில மையங்களில், தக்க நோயாளிகளுக்கு, மேல் இமையின் மடிப்பில் கீறி அணுகும் முறையும் கையாளப்படுகிறது. புதிய முறையே சிறந்தது என்றோ, பெரிய கீறலே முழுமையானது என்றோ பொதுவாகக் கூற இயலாது. நரம்பைத் தாண்டிச் செல்லாமல் கட்டியை அடையும் வழியே நல்வழி.

பொட்டு வழி அறுவையில் முதலில் தடித்த எலும்பு நுண்துளைக் கருவியால் தேய்த்து நீக்கப்படுகிறது. கருவியின் வெப்பம் நரம்பைத் தாக்காதிருக்கத் தொடர்ந்து உப்புநீர் ஊற்றப்படுகிறது. பார்வை நரம்பின் எலும்புக் குழாயும் பின்பிளவும் திறந்து விடப்படுகின்றன. பல நோயாளிகளுக்குப் பார்வையைக் காப்பதில் இப்படியே மிக முக்கியமானது. அதன் பின்னரே மூளையுறையிலும் கண்குழியிலும் உள்ள கட்டி, நுண்ணோக்கியின் கீழ் அகற்றப்படுகிறது. நீக்கிய உறைக்கு ஈடாக நோயாளியின் சொந்தத் திசுவோ மாற்றுப்பொருளோ வைத்து அடைக்கப்படும். தேவைப்பட்டால் எலும்புச் சுவர் டைட்டானியம் வலையால் மீண்டும் அமைக்கப்படும். இவ்வளவும் நிறைவேறப் பல மணி நேரமாகும். நேரம் நீள்வதைக் கொண்டு ஏதோ தவறிவிட்டது என்று வெளியே காத்திருப்போர் கலங்க வேண்டியதில்லை.

ஏன் சிறிது விட்டுவைக்கப்படுகிறது?

இனி முதற்கேள்விக்கு வருவோம். கண்குழியின் பின்முனையை ஒட்டி, மூளையின் அடியில், குகைபோன்ற ஒரு சிரைக்குழி உள்ளது. மூளைக்குச் செல்லும் பெருந்தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதனூடே செல்கின்றன. கட்டி அங்கு நுழைந்து நரம்புகளைச் சுற்றிக்கொண்டிருந்தால், அதைச் சுரண்டி எடுக்கும் முயற்சியில் நரம்புகளும் சேர்ந்து அழியக்கூடும். பின்பு இமை திறவாது, கண் அசையாது, தமனி சேதமுற்றால் பக்கவாதமும் நேரலாம். அழுத்தத்தை நீக்கி, எளிதில் வரும் பகுதியை எடுத்து, ஆபத்தான பகுதியை விட்டுவைத்தால், மெதுவாக வளரும் அம்மிச்சத்தைப் பல ஆண்டுகள் கண்காணிக்கலாம். வளர்ந்தால் கதிர்வீச்சால் கட்டுப்படுத்த முயலலாம்.

ஆகவே அறுவையின் இலக்கு நோயாளிக்கு நோயாளி வேறுபடும். பார்வையைக் காப்பது, பிதுக்கத்தைக் குறைப்பது, நோயின் வகையை அறிவது, இயன்றவரை அகற்றுவது என்னும் நான்கில் எது முதன்மை என்பதை அறுவைக்கு முன்பே பேசித் தெளிந்துகொள்ளுங்கள். புற்றுநோயாக இருப்பின் கணக்கு மாறும். அங்கு கட்டியைச் சுற்றிலும் நலமான விளிம்புவரை நீக்க வேண்டியிருக்கும். அரிதாகச் சிலருக்கு உயிரைக் காக்கக் கண்ணையே இழக்க நேரலாம். அம்முடிவை எடுக்கும்முன் ஐயங்களை எல்லாம் கேட்டறியவும், மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பார்வை திரும்புமா என்பதற்கும் நேர்மையான விடை வேண்டும். நரம்பு அழுத்தப்பட்டு, ஆனால் இன்னும் வாடிவிடாத நிலையில் அறுவை நடந்தால், பார்வை மேம்பட வாய்ப்புண்டு. நரம்பு வெளுத்து வாடிய பின்னர், எஞ்சிய பார்வையைக் காப்பதே பெரும்பாலும் இயலும். பார்வை ஏற்கெனவே முற்றிலும் மறைந்திருந்தால் அது திரும்புவது அரிது. எனவேதான் காலம் இங்கு இவ்வளவு மதிப்புடையதாகிறது.

அறுவைக்கு முன்

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் முதலிய இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை மருத்துவர் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள், நாட்டு மருந்துகள் உண்டாலும் மறையாது கூறுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வீக்கம் குறைக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை அளவு உயரும். புகைப்பழக்கம் உள்ளோர் உடனே கைவிட வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களை முன்னரே எழுதி வாருங்கள்:

• என் விஷயத்தில் அறுவையின் முதன்மை நோக்கம் எது?
• இப்போதே செய்ய வேண்டுமா? கண்காணித்துக் காத்திருக்கலாமா?
• எந்த வழியாகச் செய்வீர்கள்? ஏன்?
• எப்பகுதி விட்டுவைக்கப்படலாம்? அதற்குப் பின் என்ன சிகிச்சை?
• பார்வை, கண் அசைவு, முகத்தோற்றம் ஆகியவற்றில் எவற்றை எதிர்பார்க்கலாம்?

அறுவைக்குப் பின்

முதல் ஓரிரு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும். இமை வீங்கிக் கருநீலமாகிக் கண் முழுதும் மூடிக்கொள்ளக்கூடும். காண்பதற்கு அச்சம் தருவதாயினும் இது எதிர்பார்க்கப்படுவதே. சில நாள்களில் படிப்படியாக வடியும். செவிலியர் அடிக்கடி இமையைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பதும், “வெளிச்சம் தெரிகிறதா?” என்று கேட்பதும் தொந்தரவன்று, பார்வை நரம்பைக் காக்கும் காவல் அது. இரட்டைப் பார்வையும் நெற்றி மரத்தலும் சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம். சிலருக்கு நிலைத்தும் விடலாம். மெல்லும் தசை வழியே அறுவை நடந்திருப்பதால் வாய் திறப்பது கடினமாக இருக்கும். தொடக்கத்தில் கஞ்சி, இட்லி, குழைந்த சோறு தந்து, மருத்துவர் சொல்லும் தாடைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்க வேண்டும். இமை முழுதும் மூடாவிடில், செயற்கைக் கண்ணீர்த் துளிகளும் இரவில் களிம்பும் விழிப்படலம் உலராமல் காக்கும்.

மூக்கு வழி அறுவை செய்துகொண்டோர் மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தவோ, குனிந்து கனம் தூக்கவோ கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மலச்சிக்கல் ஏற்படாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்க்காணும் நிலைகளில் மறுபரிசோதனை நாள்வரை காத்திராது, இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்: பார்வை திடீரெனக் குறைதல், கண்ணில் கடும் வலியுடன் பிதுக்கம் மிகுதல், மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தண்ணீர்போல் தெளிந்த நீர் வடிதல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், வலிப்பு, நினைவு மங்குதல், கை கால் வலுவிழத்தல்.

எடுக்கப்பட்ட திசுவின் பரிசோதனை அறிக்கை வரச் சில நாள்களாகும். மெனிஞ்சியோமாவை உலக நலவாழ்வு நிறுவனத்தின் முறைப்படி 1, 2, 3 என மூன்று நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில், மிச்சம் இருந்தாலும் கண்காணிப்பே போதுமானதாக இருக்கலாம். உயர்நிலைக் கட்டிகளுக்கும், வளரும் மிச்சத்துக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படும். பார்வை நரம்பைக் காக்கும் பொருட்டு அது சிறு சிறு அளவுகளாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள்கள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் வழங்கப்படுவது வழக்கம். வெளியூரிலிருந்து வருவோர் தங்குமிடம், பயணம், வேலைக்கு விடுப்பு ஆகியவற்றை இதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, தகுதியுடைய குடும்பங்களுக்குப் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. தமிழ்நாட்டினருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் அட்டையைக் காட்டி, எவை அடங்கும், எவை அடங்கா என்று எழுத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

உடனிருப்போருக்கு

இந்நோய் முகத்தை மாற்றுகிறது. ஆகையால் நோயாளியின் மனத்தையும் மாற்றுகிறது. பலர் விழாக்களுக்குச் செல்வதைத் தவிர்க்கின்றனர். படம் எடுத்துக்கொள்ள மறுக்கின்றனர். ஒரு கண்ணின் பார்வை குறைந்தவருக்குத் தொலைவையும் ஆழத்தையும் கணிப்பது கடினம். படியில் இறங்கும்போதும், தம்ளரில் நீர் ஊற்றும்போதும், சாலையைக் கடக்கும்போதும் தடுமாறுவார். அவரது பார்வையுள்ள பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள். பார்வையற்ற பக்கத்தில் நடந்து துணை செய்யுங்கள். வண்டி ஓட்டலாமா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை சாவியைத் தராதீர்கள்.

ஒரு கோப்பில் ஸ்கேன் படங்கள், குறுந்தகடுகள், திசு அறிக்கை, அறுவைக் குறிப்பு, பார்வைப் பரப்புச் சோதனை ஆகியவற்றை நாள் வரிசையில் அடுக்கி வையுங்கள். மெதுவாக வளரும் கட்டி, பத்தாண்டு கழித்தும் மீண்டும் தலைகாட்டக்கூடும். அன்று புதிய படத்தை எதனுடன் ஒப்பிடுவது என்று மருத்துவர் தேடும்போது, நீங்கள் பேணிய பழைய படமே விடை தரும். அறுவைக்குப் பின் சில மாதங்களில் எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ. படம் அவ்வொப்பீட்டின் தொடக்கப் புள்ளி, அதைத் தவறவிடாதீர்கள். வலியில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும், அட்டையில் குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு வாருங்கள்.